விடுபட்ட பதினாறு பக்கங்கள்

நல்லாங்குறிச்சி
18.8.1996, ஞாயிறு இரவு

அன்புள்ள வித்யா அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். இங்கு எல்லாரும் சுகம். உங்கள் சளி குறைந்ததா? நீங்கள் எழுதும் புத்தகத்தின் தாள்கட்டு வந்து சேர்ந்தது. நூலகர் தேவசிகாமணி சார் அதை ஒரு பழைய வார இதழுக்குள் சொருகிக் கொடுத்தார். "என்ன பிள்ள, மெட்ராஸ்ல இருந்து என் பேர் போட்டு ஒனக்கு இவ்வளவு கனமா வருது, பரீட்சத் தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் நீங்கள் எங்கள் ஊரில் தங்கி, நடவுக்குப் போகும் பெண்களிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போன பிறகு, "இனி அந்தம்மாவோட எழுத்துப் போக்குவரத்து வச்சிக்கப்படாது" என்று அப்பா சொன்னார். காரணம் சொல்லவில்லை. அப்பா எதற்கும் காரணம் சொல்கிறவர் இல்லை. அதனால் எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் கணக்கு நோட்டை விரித்து, அதன்மேல் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். முன்னறையில் சித்தப்பா இருமினால் தாளைப் புரட்டிவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஊரில் ஒருத்தி படித்தால் புரியுமா என்று பார்க்கச் சொன்னீர்கள். புரியாத இடத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் கோடு நிறைய. நடவு நடுகிறவள் இடுப்பு வலியைச் சொல்லும் இடம் நன்றாக இருக்கிறது அக்கா. அடுத்த பத்தியிலேயே மூன்று வெள்ளைக்காரர்கள் மேற்கோளில் வந்து அவள் சொன்னதையே திரும்பவும் சொல்கிறார்கள். அவர்கள் எதற்கு? கூலி நெல்லை அளக்கும் படி சின்னதாகிக்கொண்டே வந்ததைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கோடும் இல்லை. அதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

நாலாம் அத்தியாயத்துக்கு நேற்று வந்தேன். அதற்குப் பிறகு தூங்கவில்லை.

கல்மடை சாஸ்தா எங்கள் குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்கு அங்கே போகும்போது, கோயில் வேலியோரம் பெயரில்லாத ஒரு கல்லுக்கு எங்கள் வீட்டு மருமகள்கள் வளையல் வைப்பார்கள். பிள்ளை வரத்துக்கு என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கல் அப்பாவுடைய அத்தை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கால்வாயில் மடை பார்க்க வந்த வேற்றுச் சாதிக்காரரைக் கட்டிக்கொள்வேன் என்று பதினேழு வயதில் அவள் பிடிவாதம் பிடித்ததையும், கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட ராத்திரி அவளுடைய அண்ணன்மார் அவளைக் கூட்டிக்கொண்டு போனதையும், வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அண்ணன்மாரில் மூத்தவர் எங்கள் தாத்தா. முன்னறையில் மாலை போட்ட படத்தில் இருப்பவர்.

என் வீட்டுக் கதையை நீங்கள் அனுப்பிய தாளில்தான் நான் முதலில் படித்தேன். மாமியார் மருமகளுக்குச் சொல்லி, அந்த மருமகள் தன் மருமகளுக்குச் சொல்லி, ஆண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தெரியாமல் வைத்திருந்த கதை. நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சித்தி இறந்துபோனதால் இப்போது இந்தக் கதை தெரிந்த மருமகள் அம்மா ஒருத்திதான்.

அம்மா பெயரை முத்தம்மை என்று மாற்றியிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரையும் மாற்றியிருக்கிறீர்கள். சாஸ்தா பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள். அதை எடுத்துவிடுங்கள் அக்கா. அப்பாவுக்குத் தெரிந்தால் அம்மா இந்த வீட்டில் இருக்க முடியாது.

உடனே பதில் போடவும்.

பயத்தோடு,
கலைச்செல்வி

*

சென்னை
27.8.1996

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் என்னை மன்னித்துவிடு. உனக்கு அந்தக் கதை தெரியும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பயப்படும் அளவுக்கு ஒன்றும் நடக்காது என்று நம்புகிறேன். இதே செய்தியை ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக எழுதி அது வெளியாகியும் விட்டது. சாஸ்தா பெயர் அதிலும் இருக்கிறது. ஒரு சின்னச் சலசலப்புக்கூட இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் சொன்னவரைக் காப்பாற்றிவிட்டோம் என்பதுதான் எங்கள் துறையில் வழக்கம். நானும் அந்த வழக்கப்படியே செய்திருக்கிறேன்.

சாஸ்தா பெயரை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயத்துக்குக் கால் இல்லை செல்வி. எந்தக் கோயில், எந்தக் கல், எந்த வழக்கம் என்று சொல்லாமல், 'எங்கோ ஓரிடத்தில் ஒரு பெண்ணைக் கொன்றார்கள்' என்று எழுதினால் அது வதந்தி. வரலாறு ஆகாது. அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் அந்தக் கல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதையும் நான் எப்படி எடுப்பேன்?

உன் பென்சில் கோடுகளுக்கு நன்றி. மூன்று வெள்ளைக்காரர்களையும் அனுப்பிவிட்டேன். ஒருவரை மட்டும் கடைசியில் குறிப்பில் உட்கார வைத்திருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் என் துறைத் தலைவர் கோபித்துக்கொள்வார்.

அடுத்த இரண்டு அத்தியாயங்களையும் அனுப்புகிறேன். கோடு போடு. ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

என்றும் பிரியமுள்ள,
வித்யாலக்ஷ்மி

*

நல்லாங்குறிச்சி
8.9.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு ஆறுதலாக இல்லை. நான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம் எங்கள் பக்கத்து வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். முன்பின் தெரியாத ஒரு அண்ணாச்சி பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரு தாயி?"

"நல்லாங்குறிச்சி."

"சாஸ்தா?"

"கல்மடை."

"அப்பம் நீ புஸ்தகம் படிப்பாருல்லா சுடலைமணி, அவரு அண்ணன் மவளா? இல்ல உடன்குடில கருப்பட்டி யாவாரம் பாக்காகளே, அவுக வீட்டுப் பிள்ளையா?"

ஊர்ப் பெயரைச் சொன்னபோது அவருக்கு நான் யாரோ. சாஸ்தா பெயரைச் சொன்னதும் இரண்டே வீடு, அதில் ஒன்று சித்தப்பா பெயரோடு எங்கள் வீடு. எங்கள் பக்கம் அப்படித்தான் அக்கா. பெண் பார்க்க வந்தால் முதல் கேள்வியே உங்கள் சாஸ்தா எது என்பதுதான். ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கை முறை, எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் அம்மாவுக்கு முத்தம்மை என்று பெயர் வைத்தாலும் மும்தாஜ் என்று வைத்தாலும் ஒன்றுதான். உடன்குடி வீட்டுக்காரர்கள் அந்தக் கல்லுக்கு வளையல் வைப்பதில்லை. மிச்சம் யார்?

இங்கிலீஷ் கட்டுரையில் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அதை எங்கள் ஊரில் யார் படித்தார்கள்? "இங்கிலீஷ்ல எழுதினா எங்க ஆளுங்க எப்படிப் படிப்பாங்க, தமிழ்ல எழுதுங்கக்கா" என்று உங்களிடம் கெஞ்சியது நான்தான்.

புத்தகம் வரப்போகிறது என்று பதிப்பகத்திலிருந்து நூலகத்துக்கு ஒரு அறிவிப்புத் தாள் வந்திருக்கிறது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். சித்தப்பா தினமும் நூலகத்துக்குப் போகிறவர். "சுடலை, நீரு படிச்சு முடிச்ச பொறவு பேப்பர்ல எழுத்து தேஞ்சு போவுதுவே" என்று தேவசிகாமணி சார் கேலி செய்வார். நேற்றுச் சாப்பிடும்போது சித்தப்பா அப்பாவிடம் சொன்னார்:

"நம்ம ஆத்துப் பக்கத்தப் பத்திப் புஸ்தகம் வருதாம்ணே. அன்னைக்கு வந்து நின்னாகளே, அந்தம்மா எழுதினது. மொத ஆளா நான்தான் படிப்பேன். ஒரு வரி தப்பா இருந்தாலும் விடமாட்டேன்."

அப்பா மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. களையெடுத்துவிட்டு வந்து அடித்துப் போட்டது போலத் தூங்குகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தப் பெயர் வேண்டாம்.

செல்வி

*

சென்னை
3.11.1996

அன்புள்ள செல்வி,

பதில் தாமதமாகிவிட்டது. கல்லூரியில் தேர்வு, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ஆனால் உண்மையான காரணம் அதில்லை. உன் கடிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

பஸ் நிறுத்தத்து அண்ணாச்சி என்னைத் தோற்கடித்துவிட்டார். தாத்தா இருந்தவரை எங்கள் வீட்டிலிருந்தும் வருஷத்துக்கு ஒரு முறை சாஸ்தாவுக்கு என்று மணியார்டர் போகும். என் தாத்தா ஆற்றங்கரையை விட்டு வந்தவர். எந்த சாஸ்தா என்று இப்போது என் அப்பாவுக்கே நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் ஒரு சாஸ்தாவின் பெயருக்குள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை போலும்.

நீ கேட்டபடி கல்மடை என்ற பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். வெறுமனே எடுத்தால் அத்தியாயம் நிற்காது என்று முன்பே சொன்னேன். இல்லாத கோயிலை இருப்பதாக அச்சிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய வரைபடம் ஒன்றில் ஒற்றைப்பனை சாஸ்தா என்று ஒரு கோயில் இருக்கிறது. அங்கே பூசை நின்று பல வருஷம் ஆயிற்று, யாரும் போவதில்லை என்று விசாரித்ததில் சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்துவிட்டேன். கோயிலும் உண்மை, யாருக்கும் பாதகமும் இல்லை.

இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். அச்சு தொடங்கிவிட்டது. ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பதிப்பாளர் கைலாசம் குதித்துக்கொண்டிருக்கிறார். முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பெயர் போடவில்லை, 'என் முதல் வாசகிக்கு' என்று மட்டும்.

அன்புடன்,
வித்யா

*

நல்லாங்குறிச்சி
17.11.1996

அன்புள்ள வித்யா அக்காவுக்கு,

யாரும் போகாத சாஸ்தா என்று ஒன்று கிடையாது அக்கா. ஆள் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். ஒற்றைப்பனை சாஸ்தா கோமு வீட்டு சாஸ்தா.

கோமு என் வகுப்பு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பங்குனி உத்திரத்தன்று நாங்கள் எல்லாம் வேன் பிடித்துக் கல்மடைக்குப் போவோம். கோமுவும் அவள் அப்பா அம்மாவும் ஒரு மாட்டுவண்டியில் ஒற்றைப்பனைக்குப் போய், முள்ளை வெட்டித் தள்ளிவிட்டுப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள். பூசாரி இல்லை. அதைத்தான் பூசை நின்றுவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோமுவின் அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால்வாயில் துணி துவைக்கப் போனபோது வழுக்கி விழுந்து இறந்துபோனாள். அது உண்மையாகவே வழுக்கி விழுந்ததுதான், நாலு பேர் பார்த்தார்கள். உங்கள் புத்தகம் வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? "ஓஹோ, அந்த வீட்டு வழக்கமே அப்படித்தானா" என்பார்கள். போன மாதம் பக்கத்து ஊர்ச் சாதிச் சண்டையில் பஸ்கூட ஓடவில்லை. வேற்றுச் சாதி, கொலை என்று ஒரு வார்த்தை கிளம்பினால் இங்கே போதும்.

இதை நான் உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அம்மா தப்பித்துவிட்டாள் என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கோமு என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். "ஏம்ளா, என்னைப் பாக்கவே மாட்டேங்குத, நான் ஏதும் சொல்லிட்டேனா?" என்று வியாழக்கிழமை கேட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். அம்மா கை நின்றுவிட்டது.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?"

"வித்யா அக்கா புஸ்தகத்துல இருக்கும்மா."

"நான் சொன்னது புஸ்தகத்துல வந்துட்டா?"

தமிழில் வருகிறது என்றும், எனக்குத்தான் முதலில் அனுப்பினார்கள் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு வந்த கோபம் உங்கள் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

"படிப்புக்கு எழுதுதேன்னு அந்தம்மா சொன்னா. சரின்னு சொன்னேன். இப்பம் ஊருக்குப் போடப் போறேன்னு எங்கிட்டக் கேட்டாளா? ஒங்கிட்டக் கேட்டிருக்கா. ஏன்? ஒனக்கு எழுத்துத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்வளவுதான?"

"பேர மாத்திட்டாங்கம்மா. இப்பம் நம்ம சாஸ்தா இல்ல. கோமு வீட்டு சாஸ்தா."

அம்மா உளுந்துச் சட்டியை அப்படியே தள்ளிவிட்டாள். தண்ணீர் அடுக்களை முழுவதும் ஓடியது.

"எவ வீட்டுப் பொணத்த எவ வீட்டு வாசல்ல கெடத்துததுட்டி? கோமு அம்மா ஏற்கெனவே ஒண்ண அந்தத் தண்ணிக்குக் குடுத்துட்டு நடமாடுதா. அவ தலையில இதையும் வைக்கணுமா?"

பிறகு, சித்தப்பா காதில் விழாமல் பைய சொன்னாள்: "கொண்டு போனதத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லு. எந்த சாஸ்தா பேரும் வேண்டாம், அந்தப் பிள்ள கதையும் வேண்டாம். அப்படியே வந்துச்சுன்னா, நான் கோமு வீட்டு முத்தத்துல போயி நின்னு, இது எங்க வீட்டுப் பாவம், ஒங்களது இல்லன்னு சத்தமாச் சொல்லிருவேன். பொறவு என்ன ஆனாலும் ஆவட்டும்."

அம்மா சொன்னால் செய்வாள் அக்கா. விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அச்சு முடிந்திருந்தாலும் ஏதாவது செய்யுங்கள்.

செல்வி

*

சென்னை
12.12.1996

அன்புள்ள செல்வி,

அச்சு முடிந்துதான் இருந்தது. பைண்டிங்குக்குப் போகவில்லை, அது ஒன்றுதான் நல்லகாலம். பதினாறு பக்கம் சேர்த்து அடிக்கும் தாளை ஃபாரம் என்பார்கள். பெயர் வராத முதல் சில வரி தவிர, அந்தக் கதை முழுவதும் ஒரே ஃபாரத்துக்குள் இருந்தது. பைண்டரிடம் உட்கார்ந்து அந்த ஃபாரத்தை எல்லாக் கட்டிலிருந்தும் எடுத்துவிட்டேன். புதிதாக அடித்துச் சேர்க்க நேரமில்லை என்றார் கைலாசம். "பல்லு போன வாய் மாதிரி இருக்கும் மேடம் உங்க புக்" என்றார். எடுத்த தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

ஆகவே அறுபத்து நாலாம் பக்கத்துக்கு அடுத்து எண்பத்தோராம் பக்கம் வரும். படிப்பவர்கள் அச்சகத்தின் கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். ஆங்கிலக் கட்டுரையை மட்டும் என்னால் திரும்ப வாங்க முடியாது. அது எத்தனையோ நூலகங்களுக்குப் போய்விட்டது.

உன் அம்மா கேட்டதுதான் நியாயம். வாசகர்களிடம் போக வேண்டும், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று மேடையில் எல்லாம் பேசியிருக்கிறேன். சொன்னவளிடம் அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உன்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். வந்து பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது?

கொஞ்ச நாள் எழுதாமல் இருக்கிறேன். நூலகம் வழியாகக் கடிதம் வருவதே உனக்கு ஆபத்து என்று இப்போதுதான் புரிகிறது. பரீட்சைக்கு நன்றாகப் படி.

வித்யாலக்ஷ்மி

*

நல்லாங்குறிச்சி
23.2.1997

அன்புள்ள வித்யா அக்காவுக்கு,

எழுதாமல் இருக்கிறேன் என்றீர்கள். ஆனால் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் புத்தகம் போன திங்கட்கிழமை நூலகத்துக்கு வந்தது. சித்தப்பா சொன்னபடி முதல் ஆளாக எடுத்து வந்துவிட்டார். இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். படி சின்னதான கதையை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். "இந்தம்மா சரியாத்தான் பிடிச்சிருக்காண்ணே" என்று தொடையில் தட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நடுக்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை ராத்திரி அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சித்தப்பா இடது கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதக் கேளு. அறுவத்தி நாலாம் பக்கம். 'அன்று இரவு கால்வாயில் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது அந்தப் பெண்'. அதோட முடிஞ்சு போச்சு. அடுத்த பக்கம், 'என்று ஒப்புக்கொண்ட பிறகே நடவுக் கூலி உயர்ந்தது'. எந்தப் பொண்ணு? என்னத்த ஒப்புக்கிட்டா? நடுவுல பதினாறு பக்கத்தக் காணோம்லா!"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் சும்மா விடமாட்டேன்" என்றார் சித்தப்பா. "பதிப்பகத்துக்கு கார்டு எழுதிட்டேன். அந்தம்மாவுக்கும் ஒண்ணு. விட்டுப்போன பக்கத்த உடனே அனுப்பணும், இல்லன்னா பேப்பர்ல எழுதுவேன்னு போட்டிருக்கேன். நாளைக் காலைல தபால் பெட்டில போட்டிருவேன். படிக்கவன்னா கிள்ளுக்கீரையா?"

அக்கா, சித்தப்பாவைப் பற்றி நான் இத்தனை நாள் பயந்தது வேறு. பக்கம் இருந்தால் படித்துவிடுவார் என்று பயந்தேன். பக்கம் இல்லாவிட்டால் தேடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"செல்வி சித்தப்பா, கார்டு போடாண்டாம். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பா சிரித்தார். "மதினி, இருக்கத எழுத்துக் கூட்டவே ஒங்களுக்குத் தெரியாது. இல்லாதத எப்படிப் படிச்சிய?"

"படிக்கல. நான்தான் அந்தம்மாகிட்டச் சொன்னேன்."

பிறகு அம்மா சொல்லத் தொடங்கிவிட்டாள். நின்றபடியே சொன்னாள். நீங்கள் எழுதியதில் வருகிற மாதிரி வருஷம், பின்னணி எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை மடைக்காரரைப் பார்த்தது, தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்தது, தண்ணீர் திறந்த ராத்திரி அண்ணன்மார் "வா, தங்கச்சி" என்று தன்மையாகக் கூப்பிட்டது, அவள் நம்பிப் பின்னால் போனது. 'தன்மையாக' என்பது உங்கள் தாளில் இல்லை. கூப்பிட்டது மூத்தவர் என்று சொல்லும்போது அம்மா முன்னறைப் படத்தின் பக்கம் திரும்பவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

சித்தப்பா கையில் சோறு அப்படியே காய்ந்துபோயிற்று. அவர் அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைத்தான் பார்த்தேன். அப்பா எழுந்தால் அம்மாவுக்கு முன்னால் போய் விழுந்துவிட வேண்டும் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ பேரு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றாள் அம்மா. "மாமியா சொல்லல. அந்தப் பிள்ளன்னுதான் சொல்லுவாக."

அப்பா பெயரைச் சொன்னார்.

ஒரு பெயர்தான் அக்கா. சாதாரணப் பெயர். எங்கள் வகுப்பில்கூட அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள். அம்மா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"சாவுத சமயத்துல எங்கப்பா ராவெல்லாம் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு" என்றார் அப்பா. "கால்வாய அடைங்கலே, அடைங்கலேன்னு கத்துவாரு. பக்கத்துல நான்தான இருந்தேன்."

"எங்கிட்ட ஏன்ணே சொல்லல?" என்று சித்தப்பா கேட்டார். அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"ஒனக்கு வாயி நிக்காதுல்லாலே."

சித்தப்பா கை கழுவப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. அப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். ஆண்களுக்குத் தெரியக் கூடாது என்று மருமகள்கள் காத்தார்கள். அப்பாவுக்கு அவர் அப்பா சொல்லிவிட்டே போயிருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் இதை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு ஞாயிறு. அன்றிலிருந்து அப்பா அம்மாவோடு பேசவில்லை. திட்டவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கார்டைப் போட்டாரா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருவேளை உங்களுக்கு வந்தால், விடுபட்ட பக்கங்களை நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை.

அம்மா கோமு வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவை வரவில்லை. கோமுவோடு நான் பழையபடி பேசுகிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். இப்போது பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். அப்பா சொன்ன பெயரை இங்கே எழுதப் போனேன். "அத எழுதாத" என்றாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சாத்தானம்மா ஒரு நாள் முழுசா எழுத முடியும்?"

"தெரியணும்னா அவ வரட்டும். வந்து எங்கிட்டக் கேக்கட்டும். ஒங்கிட்ட இல்ல, எங்கிட்ட. சொல்லுதேனா இல்லையாங்கத அப்பம் பாத்துக்கிடலாம்."

அப்படியே எழுதியிருக்கிறேன். முன்னறையில் யாரோ எழுந்து நடக்கிறார்கள். அப்பாவா சித்தப்பாவா என்று தெரியவில்லை. முடித்துக்கொள்கிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. வந்தால் இந்த வீட்டில் உங்களுக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

கலைச்செல்வி
இசக்கித்தாய் மகள்